ஒன்றேகால் வயதுக் குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டலாமா?

கேள்வி: ஒரு தாய், பாலக்கோடு

வணக்கம். என் மகளுக்கு ஒன்றேகால் வயதாகிறது. மேலே நான்கும் கீழே இரண்டுமாக ஆறு பற்கள் முளைத்திருக்கின்றன. மேல் பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகமுள்ள எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பலருக்கும் பல் பழுப்பேறியிருப்பதால், இதுவும் அதுதான் என்கிறார்கள் வீட்டில். எப்படியும் விழப்போகும் பல், ஐந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். சர்க்கரை கலந்த புட்டிப்பாலைக் குடித்தபடியே தூங்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. எந்த வயதில் மருத்துவரிடம் காட்டுவது சரி?

பதில்: பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

அம்மா, காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள். முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதே குழந்தைப் பல் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழக்கம்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சொத்தையின் தொடக்கமாகவே படுகிறது. ஃபுளோரைடால் வரும் மாற்றம் பெரும்பாலும் நிலைப்பற்களில்தான் தெரியும். இடமும் வலமும் ஒரே மாதிரியாக, பல்லின் குறுக்கே மெல்லிய வரிகளாகவோ திட்டுகளாகவோ பரவியிருக்கும். இரவில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களின் ஈறோரத்தில் மட்டும் வெண்கோடு விழுந்தால் அது வேறு. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இனிப்புப் பால் அங்கேயே தங்கிவிட, கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலை அரிக்கத் தொடங்குகிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். வெண்கோடாக இருக்கும் நிலையில் ஃபுளோரைடு வார்னிஷ் என்னும் மருந்தைப் பல்லின் மேல் பூசி, இரவுப் புட்டியையும் நிறுத்தினால் அதை அந்த அளவிலேயே தடுத்துவிடலாம். குழி விழுந்தபின் அந்த வாய்ப்பு இல்லை.

பதில்: இரு குழந்தைகளின் தாய், அரூர்

சகோதரி, விழப்போகும் பல்தானே என்ற பேச்சை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்துவிட, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும்.

அழுவாளே என்று அஞ்ச வேண்டாம். மருத்துவரும் நானும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே அமர்ந்தோம். மகனின் கால்கள் என் இடுப்பின் இருபுறமும், தலை மருத்துவரின் மடியிலும் இருந்தன. என் முகத்தைப் பார்த்தபடியே அழுதான். அழுத வாய் திறந்தே இருந்ததால் மருத்துவருக்குப் பார்ப்பது எளிதாகிவிட்டது. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் காலை நேரமாகப் பார்த்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடுமா? பற்பசை பயன்படுத்தலாமா?

பதில்: பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

போகாது அம்மா; நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மகளுக்குப் பின்னாளில் வரவிருக்கும் மேல் முன்பற்கள் இப்போதே தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எனாமல் ஏறத்தாழ நான்கு வயதுக்குள் அமைந்துவிடும் என்பதால், இந்த வயதில் குடிக்கும் நீர் மிகவும் முக்கியம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது; உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பற்கள் பழுப்பேறியதற்கு அவர்கள் சிறுவயதில் குடித்த கிணற்று நீரே காரணமாக இருக்கும். எனவே குடிப்பதற்கும் கூழ், கஞ்சி காய்ச்சுவதற்கும் ஒகேனக்கல் நீரையே பிடித்து வையுங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீரே இல்லாத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது.

பற்பசையை ஓர் அரிசி அளவுக்கு மட்டும் நீங்களே தடவித் துலக்கி, மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று வயதுக்குப் பின் பட்டாணி அளவு போதும். இரவுப் பாலில் முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தால், சில வாரங்களில் வெறும் தண்ணீருக்கே பழகிவிடுவாள்.