பரிசாக வீடு விழுந்தால் சாவியா, காசா?

நிலாவெளியான்:
சீட்டிழுப்பில் புதுப்பித்த வீடு விழுந்தால் தலையிடி, காசாக வாங்குங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கணக்கு வைப்போம். இலங்கையில், திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடலில் இருந்து 200 மீற்றரில் ஒரு வீடு, சந்தை விலை 2.5 கோடி ரூபாய். வீடு வேண்டாம் என்றால் 1.75 கோடி காசு தருவார்கள். 75 இலட்சத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அமெரிக்காவில் வீடு வென்றவர்கள் வரி கட்ட வழியில்லாமல் விற்றதை வாசித்துவிட்டு வந்த பயம் இது. இங்கே சட்டம் வேறு.

உவர்மலைக் கணக்கு:
சட்டம் வேறு என்பது சரி. அமெரிக்காவில் பரிசு வீட்டின் சந்தைப் பெறுமதி முழுவதும் அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். மத்திய வரியின் உச்சப்படி மட்டும் 37 சதவீதம், பல மாநிலங்கள் அதற்கு மேலும் எடுக்கும். பிரித்தானியாவில் வென்றவர் பரிசுக்கு வருமான வரி கட்டுவதே இல்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, 5 இலட்சத்தைத் தாண்டிய லொத்தர், பரிசு வெற்றிகளில் 14 சதவீதம் பிடித்துவைக்கும் வரி. உங்கள் வீட்டுக்கு 35 இலட்சம்.

சிக்கல் தொகையில் இல்லை. காசுப் பரிசில் 24.5 இலட்சத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கையில் தருவார்கள். வீட்டில் அப்படிக் கழிக்க முடியாது. 35 இலட்சத்தை நீங்களே தேடிக் கொண்டுவர வேண்டும், அதுவும் காணி உறுதி எழுதுவதற்கு முன். வங்கியில் வீட்டை ஈடு வைக்கலாம் என்றால் அதற்கு உறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். சம்பளத்தில் வாழும் குடும்பம் இந்த இடத்தில்தான் மாட்டுப்படும்.

இன்னொன்று, 2.5 கோடி யார் போட்ட விலை? விளம்பரத்துக்காக ஊதிய விலை என்றால் அந்த ஊதலுக்கும் நீங்கள் 14 சதவீதம் கட்டுவீர்கள். பட்டய மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேளுங்கள். 2.1 கோடிதான் பெறும் என்று வந்தால் வரி 29.4 இலட்சமாக இறங்கும்.

வில்லூன்றி:
முத்திரைத் தீர்வையை இருவரும் விட்டுவிட்டீர்கள். விற்பனை உறுதி என்றால் முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம்: 2.5 கோடிக்கு 9,99,000 ரூபாய். நன்கொடை உறுதி என்றால் முதல் 50,000க்கு 3 சதவீதம், மிகுதிக்கு 2 சதவீதம்: 5,00,500 ரூபாய். கிட்டத்தட்ட 5 இலட்சம் வித்தியாசம். பரிசு வீட்டுக்கு எந்த உறுதி என்பதை நொத்தாரிசிடம் விட்டுவிட்டு இருக்காதீர்கள். எழுத முதலே மாகாண இறைவரித் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. பிறகு குறைவாகக் கட்டிய தீர்வையை நிரப்பச் சொல்லி வந்தால், கேள்வி உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

தீர்வையை விடக் காணியின் வகை முக்கியம். திருகோணமலை மாவட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் நிறைய. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுத் தேடுதல் செய்து, ஈடும் வழக்கும் இல்லை என்று பார்த்த பிறகே பரிசை ஏற்பதாகக் கையெழுத்திடுங்கள்.

200 மீற்றர் என்றீர்கள். உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். புதுப்பிக்கும்போது பின்பக்கம் ஒரு அறையோ மேல்மாடியோ கூட்டியிருந்தால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி, உள்ளூராட்சிச் சபை ஒப்புதல் கொடுத்த வரைபடம், வேலை முடிந்தபின் கட்டடம் அந்த வரைபடப்படி இருக்கிறது என்று சபை கொடுக்கும் சி.ஓ.சி. சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். அனுமதி இல்லாத பகுதியை இடிக்கச் சொன்னால் சொல்வது உரிமையாளருக்கு. அன்றைக்கு உரிமையாளர் நீங்கள்.

நிலாவெளியான்:
வில்லூன்றி அக்கா சொன்ன ஆவணங்கள் எந்த வீடு வாங்கினாலும் பார்க்க வேண்டியவை. பரிசு என்பதால் வந்த செலவில்லை. கணக்கை முடிக்கிறேன். வரி 35, தீர்வை கூடின பக்கத்தில் 10, மொத்தம் 45 இலட்சம். வீட்டை வைத்திருக்கக்கூட வேண்டாம். அவசரத்துக்கு 2.25 கோடிக்கு விற்று, தரகருக்கு 3 சதவீதம் கொடுத்தாலும் கையில் 1.73 கோடி நிற்கும். காசுப் பரிசில் நிற்பது 1.505 கோடி. இலாபம் 22 இலட்சத்துக்கு மேல். 45 இலட்சத்தைக் கடன் வாங்கிக் கட்டினாலும் வீடுதான் மேல்.

உவர்மலைக் கணக்கு:
கடனுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 5.4 இலட்சம் வட்டி. 2 கோடிக்கு மேற்பட்ட வீடு இந்த ஊரில் ஒரு மாதத்தில் விலைப்படாது. ஒரு வருடம் என்று வையுங்கள். உங்கள் 22 இலட்சம் 17 ஆகிவிடும். விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கேள்வியும் வரும். உங்கள் அடக்க விலை என்ன என்று காட்ட மதிப்பீட்டு அறிக்கையும் 14 சதவீதம் கட்டிய பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

பாலையூற்று மேசன்:
எல்லாரும் கடதாசியிலேயே நிற்கிறீர்கள். அந்த 17 இலட்சத்தைத் தின்னப் போவது கொங்கிறீற்றுச் சிலாப்.

புதுப்பித்த வீடு என்றால் பழைய வீட்டுக்குப் புதுத் தோல் போட்டிருக்கு. உள்ளே என்ன இருக்கு என்று பாருங்கள். பழைய சிலாப்பில் கம்பிக்குக் கீழே 15, 20 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுத்தான் இருக்கும். கடற்கரையில் 40க்குக் குறையக் கூடாது. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பை விட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதுதான் கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்குது. அதை அரைகுறையாகக் கொத்தி, சீமெந்துக் கலவையால் அடைத்து, புட்டி போட்டு, பெயின்ற் அடித்து, எல்.ஈ.டி. விளக்கோடு சீலிங்கும் அடித்துவிட்டால் படத்தில் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய கொங்கிறீற்றில் உப்பு அப்படியே இருக்கு. புது ஒட்டுக்குள் இருக்கிற கம்பி பாதுகாப்பாகிவிட, ஒட்டின் விளிம்பில் முன்னை விட வேகமாகத் துரு பிடிக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் ஒட்டைச் சுற்றி வட்டமாக வெடிப்பு வரும். சரியான வேலை என்றால் கம்பிக்குப் பின்னாலும் 20, 25 மில்லிமீற்றர் கொத்த வேணும். துருவில்லாத கம்பி தெரியும் வரைக்கும் கொத்தி, அதற்கு மேலும் 50 மில்லிமீற்றர் போக வேணும். கம்பி பளிச்சென்று வரத் தேய்த்து, நாகம் கலந்த சிங்க் பிறைமர் பூசி, பொலிமர் கலவையால் கட்ட வேணும். கம்பியின் தடிப்புக் குறைந்திருந்தால் புதுக் கம்பியும் சேர்க்க வேணும்.

நிலாவெளியான்:
எல்லாப் பழைய வீடும் அப்படியா? பினோல்ப்தலீன் என்ற நிறம் மாறும் இரசாயனத்தைக் கொங்கிறீற்றில் தெளித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

பாலையூற்று மேசன்:
தம்பி, அது இளஞ்சிவப்பாக மாறினால் கொங்கிறீற்றின் காரத்தன்மை இன்னும் இருக்கு என்று மட்டும்தான் அர்த்தம். உப்பை அது காட்டாது. கடற்கரையில் நல்ல இளஞ்சிவப்பு வந்த கொங்கிறீற்றுக்குள்ளும் கம்பி அரிபடும். துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து குளோரைட் அளவு பார்க்க வேணும். அதற்கு முதல் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் வந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போடுங்கள். சீலிங்கில் நாலு இடத்தில் பலகை கழற்றாமல் இதைச் செய்ய முடியாது.

கிணறு இருந்தால் அதையும் பாருங்கள். கடற்கரையில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்குது. கிணற்று மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழேயுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் மேலே வரப் பார்க்கும். பெரிய மோட்டார் பூட்டி, புல் பதித்து, தினமும் தண்ணீர் விட்டால் கொஞ்ச நாளில் கிணறு உவர்த்துப் போகும். பிறகு அந்தத் தண்ணீரே சுவரையும் குழாயையும் தின்னும். மோட்டாரைச் சின்னதாக்கி, நேரம் பிரித்து இறையுங்கள்.

வாடைக்காற்றில் உப்பு நேரே கடல் பக்கச் சுவருக்குத்தான் வரும். ஏசியின் வெளிப்பெட்டியை அந்தப் பக்கம் வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கூரைத் தகட்டு ஆணிகள் 316 தரத் துருவேறா உருக்காக இருக்க வேணும். நாக முலாம் பூசியது போதாது.

உவர்மலைக் கணக்கு:
மாதச் செலவையும் சேர்த்துவிடுகிறேன். 12,000 பி.ரி.யு. சாதாரண ஏசி ஒன்று இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 150 அலகுக்குக் கிட்டப் போகும். வீட்டு மின்கட்டணத்தில் 180 அலகுக்கு மேல்தான் விலை கூடிய படி, மூன்று அறை ஏசியோடு அதற்குக் கீழே நிற்க முடியாது. புதுப்பித்த வீட்டின் வருடாந்தப் பெறுமதியைச் சபை திருத்தினால் ஆதனவரியும் ஏறும். ஜனவரி 31க்குள் முழுவதையும் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. பழைய நிலுவை ஆதனத்தோடு வரும், நிலுவை இல்லை என்று சபையில் கடிதம் வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

காப்புறுதியைக் காணி விலை சேர்த்து எடுக்காதீர்கள். திரும்பக் கட்டும் செலவுக்கு எடுங்கள், 1.2 கோடி என்று வைப்போம். 60 இலட்சத்துக்கு மட்டும் எடுத்தால், பாதிக்குத்தான் காப்புறுதி என்று கணக்கிட்டு 10 இலட்சம் சேதத்துக்கு 5 இலட்சம்தான் தருவார்கள். வெள்ளம், சூறாவளி, சுனாமி மூன்றும் பத்திரத்தில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள்.

பராமரிப்புக்குக் கடற்கரையில் அந்த 1.2 கோடியில் 2 சதவீதம், ஆண்டுக்கு 2.4 இலட்சம் ஒதுக்குவது நியாயம். உள்ளே, கன்னியாப் பக்கம் என்றால் 1 சதவீதம் காணும்.

நிலாவெளியான்:
அப்படியானாலும் ஒரு வருடத்தில் விற்பவருக்கு 22.75இல் வட்டி 5.4, பராமரிப்பு 2.4 போக, கிட்டத்தட்ட 15 இலட்சம் கூடுதலாக நிற்கிறது. மேசன் அண்ணன் சொல்கிற சிலாப் வேலை எவ்வளவு பெரிது என்பதில்தான் எல்லாம். அது 15க்குள் அடங்கும் என்றால் நான் சாவியைத்தான் எடுப்பேன்.

வில்லூன்றி:
அதை அறிந்துகொள்ள ஏற்பாட்டாளர் விட வேண்டுமே. போட்டி விதிகளில் "உள்ளபடியே ஏற்க வேண்டும்" என்ற வாசகம் இருந்தால், சாவி வாங்கிய பிறகு வரும் வெடிப்புக்கு யாரிடமும் போக முடியாது. ஏற்பதற்குக் கொடுக்கும் காலக்கெடுவையும் பாருங்கள். அதற்குள் தேடுதல், மதிப்பீடு, பொறியியலாளர் பரிசோதனை மூன்றையும் முடிக்க முடியாவிட்டால் எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள். சீலிங்கைத் திறந்து பார்க்க அனுமதிக்க மாட்டோம் என்று பதில் வந்தால், என் ஆலோசனை காசு.

பாலையூற்று மேசன்:
திறக்க விட்டாலும் எப்போது பார்க்கிறீர்கள் என்றும் இருக்கு. ஆடியில் கச்சான் காற்றுக்கு எல்லாச் சுவரும் காய்ந்துதான் நிற்கும், புட்டிக்குக் கீழே உப்புப் பூத்திருந்தாலும் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் நாலு நாள் மழை விடாமல் பெய்த பிறகு போங்கள். சுவரின் அடியில் 3 அடிக்குள் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் ஏறியிருந்தால் அந்தப் புதுப் பெயின்ற் அடுத்த மாரிக்கு நிற்காது.