மறு: மீடியேஷன், ஆர்பிட்ரேஷன் – வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

வணக்கம். எங்கள் ஊரில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. ஆலையோடு போட்ட ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் கோர்ட்டு வழக்கில்லாமல் எப்படித் தீர்ப்பது, எந்த நாட்டுச் சட்டம் அதற்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதுதான் பொருள். மலாயில் மீடியேஷனுக்குப் பெங்கந்தாரான், ஆர்பிட்ரேஷனுக்குத் திம்பாங் தாரா என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். நம் வரைவில் இரண்டுக்குமே ‘சமரசம்’ என்று இருக்கிறது.

இதை இப்படியே அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. முன்னதில் நடுவில் இருப்பவர் பேச்சை நடத்துவார், முடிவு சொல்லமாட்டார். மலேசியாவின் 2012 சட்டப்படி, அதனால் வழக்குப் போடும் வழி அடைபடாது. பின்னதில், இங்குள்ள 2005 சட்டப்படி, அவர் சொல்வதே இறுதி. கோர்ட்டுக்குப் போனாலும் வழக்கை நிறுத்திவைத்து அவரிடமே அனுப்புவார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று லாரிக்காரருக்குத் தெரியவேண்டாமா?

ஈப்போவிலிருந்து:

திம்பாங் என்றால் எடைபோடுதல். ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ நம்மிடமே இருக்கிறதே! சீர்தூக்கல், சீர்தூக்கர் என்று வைக்கலாம். முன்னதற்குச் ‘சந்து’. சந்து செய்வித்தல், அதாவது பகைத்தவரை இணங்கவைத்தல், பழைய சொல்லாட்சி. உறையூர் முற்றுகையில் சங்கப் புலவர் கோவூர்கிழார் செய்தது அதுதான். மோதிய சோழர்களான நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருவரில் யார் பக்கமும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்றார். புறநானூறு 45, துறையும் சந்து செய்விக்கும் பாட்டுக்குரிய துணைவஞ்சி. இவ்வளவு இருக்க வடசொல் எதற்கு?

கிள்ளானிலிருந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் இன்றைக்குச் சந்து என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவே போகிற வழி. தவிர, அது ‘சந்தி’ என்ற வடசொல்லின் திரிபு என்பவர்களும் உண்டு. அப்போது தூய்மையும் போயிற்று, தெளிவும் போயிற்று.

கையேடு நாடுகளை ஒப்பிடுவதால் அங்கங்கே உள்ள சொல்வழக்கையும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் முன்னது ‘சமரச மையம்’. இலங்கையில் 1988 சட்டப்படி அமைந்தவை ‘மத்தியஸ்த சபை’கள். இந்தியாவில் அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால், 2018 முதல் சமரசப் பேச்சை முடித்துத்தான் கோர்ட்டுப் படி ஏறமுடியும். சிங்கப்பூரில் 2019இல் 46 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, மலேசியாவும் அதில் உண்டு, இப்படிப் பேசி முடித்த உடன்பாட்டை எல்லை தாண்டியும் செல்லுபடியாக்கத்தான் வந்தது. ஆக முன்னது ‘சமரசப் பேச்சு’, பின்னது ‘நடுவர் தீர்ப்பு’. பேச்சா தீர்ப்பா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

லூனாசிலிருந்து:

பஞ்சாயத்து என்று போட்டால் தோட்டத்தில் எல்லாருக்கும் புரியுமே?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

புரியும் அண்ணே. ஆனால் பஞ்சாயத்தில் சமாதானமும் பேசுவார்கள், அபராதமும் போடுவார்கள். நான் பிரிக்க நினைப்பதே அந்த இரண்டையும்தான். மறுப்பு அதிகமில்லாததால் கிள்ளான் தம்பி சொன்னபடியே போடுகிறேன்.

ஈப்போவிலிருந்து:

சரி, அச்சிடுங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கிரிக்கெட்டுக்கும் நடுவர், பட்டிமன்றத்துக்கும் நடுவர். சீர்தூக்கர் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், இந்தியாவின் 1996 சட்டத் தலைப்பில் ஆர்பிட்ரேஷனோடு கன்சிலியேஷன் (இணங்கவைத்தல்) என்று இன்னொன்றும் இருக்கிறது. 2023 மீடியேஷன் சட்டம் அதையும் சமரசத்துக்குள் அடக்கிவிட்டது என்றாலும், பழைய ஒப்பந்தங்களில் அந்தச் சொல் கிடக்கிறதே. அதற்கு என்ன போடப்போகிறீர்கள்?