நார்க்கழிவில் கறுப்புச் சாயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது

திருப்பூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். தென்னை நார்க்கழிவால் சாயத் தண்ணீரைத் தெளியவைப்பதுதான் ப்ராஜெக்ட். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் சுலபம்: 100 மில்லிக்கு 1 கிராம் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கினால் நீலம் போய்விடுகிறது. ஆனால் இங்கே பனியன் துணிக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அதில் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயத்தை எடுத்து மூன்று வாரமாகிறது, கறுப்பு அப்படியே நிற்கிறது.

காரணம் தெரியும். சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம், நார்க்கழிவின் மேற்பரப்புக்கும் அதே. ஒன்றையொன்று தள்ளுகின்றன.

சலித்து, வெந்நீரில் ஐந்து முறை அலசி (அப்படியும் டீ டிகாஷன் மாதிரி பழுப்பு இறங்குகிறது!), 105 டிகிரியில் உலர்த்தினேன். அளவை 4 கிராமாக்கியும் பலனில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்கு இறக்கியபோதுதான் கொஞ்சம் வெளுத்தது. சரி, ஆனால் சாயப்பட்டறைக் கழிவுநீர் உப்பும் சோடா உப்புமாக பி.எச். 10-ஐத் தாண்டும். அதில் அவ்வளவு அமிலம் கொட்டினால் அது சுத்திகரிப்பா?

கரியாக்கலாம் என்றால் கல்லூரி உலை பழுது.

கரியாக்காமல், சாதாரண ஆய்வகத்திலேயே நார்க்கழிவுக்கு நேர்மின்னூட்டம் ஏற்றியவர்கள், எந்த ரசாயனத்தை என்ன அளவில் சேர்த்தீர்கள்?