புதுப்பிப்பு: 10 மீட்டர் டெலஸ்கோப் மாஸ்ட்டுக்கு ஸ்டே கயிறு

டெலஸ்கோப் மாஸ்ட் என்பது ஆன்டெனாவைத் தாங்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆன கம்பம். அது சாயாமல் இழுத்துக் கட்டுவதுதான் ஸ்டே கயிறு. உச்சியில் மட்டும் மூன்று கயிறு போதும் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்: போதாது. காற்றில் நடுப்பகுதி வில்லாக வளைகிறது. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டுதான் பலவீனமான இடம்.

இப்போதைய அமைப்பு இரண்டு அடுக்கு. கயிறு கட்டும் வளையங்கள் 5 மீட்டர் உயரத்திலும் 9 மீட்டர் உயரத்திலும். ஒவ்வொன்றிலிருந்தும் 120 டிகிரி இடைவெளியில் மூன்று கயிறு. கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளைகள் மாஸ்ட்டின் அடியிலிருந்து 6 மீட்டர் தள்ளி. கணக்குப்படி மேல்கயிறு 10.8 மீட்டர், கீழ்க்கயிறு 7.8 மீட்டர், முடிச்சுக்குத் தலா ஒரு மீட்டர் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 62 மீட்டர்.

நைலான் வேண்டாம், நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். பாலியஸ்டர் நல்லது. இரும்புக் கம்பி ஆன்டெனாவின் கதிர்வீச்சைக் குலைக்கலாம்.

கயிற்றை வீணைத் தந்திபோல முறுக்காதீர்கள். ஆறு கயிறும் சேர்ந்து மாஸ்ட்டைக் கீழ்நோக்கி அழுத்தும், மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வழுக்கி மேல்குழாய் உள்ளே இறங்கிவிடும். கீழ் அடுக்கை முதலில் கட்டி, நேர்நிலை பார்த்து, பிறகு மேல் அடுக்கு.

மின்கம்பி அருகில் இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். மாஸ்ட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது.