"அந்தக் காலப் பாட்டு" ரேடியோவில் அந்தக் காலம் ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பதிவு 1

அமெரிக்காவில் பழைய ஹிட் பாட்டுகள் மட்டும் போடும் ஓல்டீஸ் ஸ்டேஷன் ஒன்றில் 11 வருடம் பாட்டு வரிசை போடும் வேலையில் இருந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு, எதற்கு அப்புறம் எது என்று முந்தின நாளே கணினியில் அடுக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 11 வருடத்தில் இன்னும் காதில் நிற்பது ஒரு போன்கால்.

பேசியவர் 70 வயதைத் தாண்டியவர். கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, ஒரு சந்தேகம். 1950களின் பாட்டெல்லாம் போடுவீர்களே, இப்போது வருவதே இல்லையே. டேப் ஏதும் அறுந்துபோச்சா?"

டேப் எதுவும் அறுந்துபோகவில்லை. ஆனால் அவரிடம் என்ன சொல்வது? "ஐயா, உங்களுக்கு 55 தாண்டிவிட்டது, அதனால் உங்கள் பாட்டை எடுத்துவிட்டோம்" என்றா? "கவனிக்கிறோம் ஐயா" என்று சொல்லி போனை வைத்தேன்.

விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் ஸ்டேஷனுக்கு 25 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான் கணக்கு. அமெரிக்க வானொலியில் விளம்பர ஏஜென்சிகள் நேரம் வாங்கும்போது வெகுகாலமாகப் பார்த்துவரும் வயது வரம்பு அது. 1949-இல் பிறந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 1964-இல் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்கா வந்து இறங்கியபோது அவருக்கு 15. 2004-இல் 55. அவர் அன்றைக்கும் ரேடியோ கேட்கிறார், அதே பாட்டுக்குத் தாளம் போடுகிறார். ஏஜென்சியின் தாளில் மட்டும் அவர் இல்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் பட்டியல் 1955-இல் தொடங்கி 1972-இல் முடிந்தது. வேலையை விட்டபோது 1964-இல் தொடங்கி 1982-இல் முடிந்தது. ஒரே நாளில் யாரும் மாற்றவில்லை. முதலில் 1950களின் பாட்டு காலை நேரத்திலிருந்து போனது. அப்புறம் மணிக்கு ஒன்று. அப்புறம் ராத்திரிக்கு மட்டும். கடைசியில் ஞாயிறு இரவில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ஒரு வகைப் பாட்டுக்குச் "சிறப்பு நிகழ்ச்சி" கொடுத்துவிட்டால் அதற்கு நாள் குறித்தாயிற்று என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

உள்ளே வேலை பார்த்தவர்கள், வெளியே இருந்து கேட்டவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

பதிவு 2

எந்தப் பாட்டை வைப்பது, எதை எடுப்பது என்று பார்க்க, கேட்பவர்களைக் கூப்பிட்டு ஸ்டேஷன்கள் வைக்கும் பாட்டுப் பரிட்சைக்குப் போனவள் நான்! ஆடிட்டோரியம் டெஸ்ட் என்பார்கள்.

வீட்டுக்கு போன் வந்தது. எந்த ஸ்டேஷன் அதிகம் கேட்பீர்கள், வேலைக்குப் போகும்போது எது, வயது என்ன என்று வரிசையாகக் கேள்வி. எனக்கு அப்போது 51. என் கணவருக்கு 56. எங்கள் வீட்டு ரேடியோவைத் திருகுவதே அவர்தான். நான் கேட்பதெல்லாம் அவர் வைத்ததைத்தான். ஆனால் அவர் வயதைச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, "அம்மா மட்டும் வந்தால் போதும்" என்றாள். மனுஷனுக்கு ரெண்டு நாள் முகமே சரியில்லை.

ஒரு ஹோட்டல் கூடத்தில் சுமார் 100 பேர் உட்கார்ந்திருந்தோம். முழுப் பாட்டு எதுவும் போடமாட்டார்கள். எல்லோருக்கும் சட்டென்று பிடிபடும் இடம், பெரும்பாலும் பல்லவி, அதில் ஏழெட்டு விநாடி. அதை "ஹூக்" என்று சொன்னார்கள். அப்படி 600 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். தெரியாத பாட்டு என்றால் அதற்கு ஒரு கட்டம். முன்பு பிடித்தது, இப்போது அலுத்துவிட்டது என்றால் அதற்குத் தனிக் கட்டம்.

முதல் 100 வரை உற்சாகம்தான். 300 தாண்டியதும் எது கேட்டாலும் 3 போட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடியபடியே எழுதிக்கொண்டிருந்தார், ரசிக்கிறாரா தூங்குகிறாரா தெரியவில்லை. நடுவில் ஒரு துண்டு வந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. "தெரியாது" என்று குறித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் தினமும் கேட்ட பாட்டு அது. அதன் அழகு முழுக்க ஆரம்பத்து கிடாரில் இருக்கிறது. அவர்கள் போட்டதோ பல்லவி.

அதற்கப்புறம் அந்த ஸ்டேஷனில் அந்தப் பாட்டு வந்ததா என்று கேட்காதீர்கள். என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பதிவு 3

43 வயது. போன மாதம் காரில் போகும்போது ஓல்டீஸ் ஸ்டேஷனில் நான் பள்ளிக்கூடத்தில் கேசட்டில் பதிந்து வைத்திருந்த பாட்டு. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அலைவரிசை எண்ணை மறுபடியும் பார்த்தேன். சரியான எண்தான்.

ஒரு சந்தேகம். இத்தனை வருடப் பாட்டு கையில் இருந்தும் ஏன் சுற்றிச் சுற்றி அதே 300 பாட்டு?

பதிவு 4

நான் அதே மாதிரி ஒரு ஸ்டேஷனில் விளம்பர நேரம் விற்றவன். பதிவு 1 எழுதிய அண்ணன் மென்மையாகச் சொல்லிவிட்டார். விற்கும் மேஜையில் உட்கார்ந்தால்தான் இதன் கசப்பு தெரியும்.

ஒரு காலாண்டில் எல்லா வயதும் சேர்ந்த கணக்கில் நாங்கள்தான் ஊரிலேயே முதலிடம். மேலாளர் எல்லோருக்கும் கைகொடுத்தார். மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஏஜென்சிக்குப் போனேன். எதிரில் இருந்த பெண்ணுக்கு 26 வயது இருந்தால் அதிகம். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக 25–54 பத்திக்குப் போனார். அதில் நாங்கள் ஒன்பதாவது. "உங்கள் கேட்பவர்களில் பாதிப் பேரை நான் காசு கொடுக்காமலே அடைந்துவிடுவேன், சார். அவர்கள் எப்படியும் டிவி பார்க்கிறார்கள்" என்றார்.

வயதானவர்களிடம்தான் பணம் இருக்கிறது, வீட்டுக்கடன் முடிந்தவர்கள், பயணம் போகிறவர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர்கள் எந்த பிராண்டு வாங்குவது என்று எப்போதோ முடிவு செய்தவர்கள், மாறமாட்டார்கள் என்பது ஏஜென்சிக்காரர்கள் பதில். இதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அம்மா 68 வயதில் போன் பிராண்டை மூன்று தரம் மாற்றினார்.

நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் கதையை எங்கள் அலுவலகத்தில் பேய்க்கதை மாதிரி சொல்லிக்கொள்வோம். 1972-இலிருந்து ஓல்டீஸ் போட்ட ஸ்டேஷன். 2005 ஜூன் 3 அன்று, முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லாமல், "ஜாக்" என்ற வேறு வகை ஸ்டேஷனாக மாறியது. 1964-இல் 15 வயது என்று மேலே ஒரு கணக்கு இருக்கிறதே, அந்த ஆளுக்கு 55 முடிந்து 56 நடக்கும் வருடம்! கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். புதிய வகையும் எடுபடவில்லை. 2007 ஜூலை 12 அன்று பழைய பெயரோடு திரும்பி வந்தது. ஆனால் வந்தது பழைய ஆள் இல்லை. 1970களும் 80களும் முன்னால் வந்தன, "ஓல்டீஸ்" போய் "கிளாசிக் ஹிட்ஸ்" ஆனது.

எங்கள் ஸ்டேஷனிலும் "ஓல்டீஸ்" என்ற சொல்லை அறிவிப்பாளர்கள் சொல்லக் கூடாது என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். பாட்டு அதேதான், பெயர் மட்டும் வயதைக் காட்டக் கூடாதாம்.

பதிவு 5 (முதல் பதிவு எழுதியவன்)

43 வயதுத் தம்பிக்கு. 300 என்பது கொஞ்சம் குறைவு, எங்களிடம் சுழற்சியில் 450 சொச்சம் இருந்தது. அலமாரியில் ஆயிரக்கணக்கில். ஆனால் அலமாரியில் இருப்பது ரேடியோவில் இருப்பதாகாது.

பாட்டுகளைப் பிரிவு பிரிவாக வைத்திருப்போம். மதிப்பெண் உச்சத்தில் இருப்பவை ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தரம் வரும். அடுத்த வரிசை நாலைந்து நாளுக்கு ஒரு தரம். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, நேற்று இதே நேரத்தில் வந்த பாட்டு இன்று இதே நேரத்தில் வரக் கூடாது, மெதுவான பாட்டு ரெண்டு சேர்ந்து வரக் கூடாது என்று விதிகள். 1979-இல் வந்த செலக்டர் மாதிரியான மென்பொருள்கள் இந்த விதிகளைப் பார்த்து அடுக்கிக் கொடுக்கும். மிச்ச ஓட்டைகளை நாங்கள் கையால் அடைப்போம்.

ஏன் குறைவான பாட்டு என்றால், கேட்பவர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கேட்பதில்லை. காரில் 15 நிமிடம், சமையலறையில் 20 நிமிடம். அந்த நேரத்தில் தெரியாத பாட்டு வந்தால் விரல் பட்டனுக்குப் போகிறது. முன்பெல்லாம் இது எங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் எந்த ஸ்டேஷனை எவ்வளவு நேரம் கேட்டோம் என்று நேயர்களே சிறு நோட்டில் எழுதி, கணக்கெடுப்பவர்களுக்கு அனுப்புவார்கள். பாசத்தில் சிலர் "நாள் முழுக்க" என்றுகூட எழுதுவார்கள். 2007-இலிருந்து பிலடெல்பியா, ஹூஸ்டன் என்று ஒவ்வொரு நகரமாகக் கருவிக்கு மாறினார்கள். பேஜர் அளவில் ஒன்று, நேயர்கள் கூடவே வைத்திருப்பது. ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு இருக்கும், கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். நோட்டில் பாசம் காட்டலாம், கருவியிடம் முடியாது.

அப்புறம், எல்லாப் பழைய பாட்டும் ஒரே வேகத்தில் சாவதில்லை. அதே 1965-இல் வந்த ரெண்டு பாட்டில் ஒன்று இன்னும் ஓடும், இன்னொன்று தொலைந்தே போகும். மோடவுன் என்ற டெட்ராய்ட் இசைத்தட்டுக் கம்பெனியின் ஆட்டம் போட வைக்கும் பாட்டுகள் படத்தில் வரும், விளம்பரத்தில் வரும், கல்யாணத்தில் ஆடுவார்கள். 1965-க்கு அப்புறம் பிறந்தவர்களுக்கும் தெரியும். சோகமான மெல்லிசைகளுக்கு அந்த யோகம் இல்லை. முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே எத்தனையோ பரிட்சையில் "தெரியாது" வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். மேலே அக்கா சொன்ன கிடார் பாட்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கும்.

பதிவு 6

நான் விளம்பரமே இல்லாத சின்ன ஸ்டேஷனில் சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் டூ-வாப், அதாவது 1950களில் நாலைந்து பேர் குரல் சேர்த்துப் பாடிய குழுப் பாட்டுகள், போடுகிறேன். சம்பளம் கிடையாது. கணினி அடுக்காது, என் கைதான் அடுக்கும். எங்களுக்கு 25–54 பற்றிக் கவலை இல்லை. கவலை வேறு.

எங்கள் கேட்பவர்கள் பாட்டைக் கேட்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைக் கேட்கிறார்கள். அன்றைக்கு ரேடியோவில் வந்தது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டின் மோனோ பதிவு, எல்லாக் குரலும் ஒன்றாகவே கேட்கும். பின்னால் குறுந்தட்டில் வந்தது ஸ்டீரியோ. அதில் பின்பாட்டு ஒரு காதில், முன்பாட்டு இன்னொரு காதில். சில குறுந்தட்டுகளில் இன்னும் மோசம். பழைய கம்பெனியோடு உரிமைத் தகராறு என்று அதே பாடகர் 20 வருடம் கழித்து மறுபடி பாடிய பதிவை, உறையில் பொடி எழுத்தில் மட்டும் சொல்லி, வைத்திருப்பார்கள். ஒரு தடவை தெரியாமல் அப்படி ஒன்றைப் போட்டேன். இரண்டாவது வரி முடிவதற்குள் போன். "குரல் தடித்திருக்கிறதே, யார் இது?" மறுவாரம் அவரே தன் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சத்தம் கரகரவென்றுதான் இருந்தது. அதைத்தான் போடுகிறேன்.

எனக்கு எழுதுகிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். சில சமயம் பிள்ளைகள் எழுதுகிறார்கள், அப்பா இனி கேட்கமாட்டார் என்று. இதற்கு எந்தப் பட்டியலும் மருந்தில்லை. ஆனால் முழுக்கக் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் பூம் ரேடியோ என்று ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கென்றே வெளிப்படையாகச் சொல்லித் தொடங்கினார்கள். விளம்பரத்தோடுதான் ஓடுகிறது. பதிவு 4 தம்பி அந்த 26 வயதுப் பெண்ணுக்கு அந்த இணைப்பை அனுப்பலாம்.

பதிவு 7

இதெல்லாம் சரி, அடுத்தது எங்கள் ஹிப்ஹாப்தானே? 2014-இலேயே ஹூஸ்டனில் ஒரு ஸ்டேஷன் பழைய ஹிப்ஹாப் மட்டும் என்று ஆரம்பித்துவிட்டதே. வீட்டில் எதற்காகத் திட்டு வாங்கினோமோ அது இப்போது பழைய பாட்டு. அப்பாவிடம் சொன்னேன், அவர் இதைப் "பாட்டு" என்று ஒப்புக்கொள்ளவே இன்னும் தயாரில்லை.

பதிவு 8 (முதல் பதிவு எழுதியவன்)

அந்த போன்கால் பெரியவர் என்ன ஆனார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5.40-க்கு யாரும் பார்க்காத ஒரு இடம் உண்டு. அலமாரியிலிருந்து 1956-இன் பாட்டு ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் கையால் செருகினேன். பெரிய ஹிட் அது, அந்தக் காலத்தில் முணுமுணுக்காத ஆள் இல்லை. அவரை போனில் கூப்பிட்டு நேரத்தையும் சொன்னேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. வெளியூர் ஆலோசகர் வந்து பட்டியலைப் புரட்டியபோதும் அவர் கண்ணில் படவில்லை. பெருமையாக இருந்தது.

மூன்றாவது மாதம் பெரியவரே கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"தம்பி, தப்பாக நினைக்காதே. அந்தப் பாட்டு அப்போதே கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனது. வேறு ஏதாவது போடேன்."