பாலி நாட்காட்டிக்கு ‘பல்லடுக்கு வட்டம்’ சரிவருமா?

> இந்தோனேசியாவின் பாலித் தீவு நாட்காட்டியில் பல வாரங்கள் பிணைந்து ஓடுகின்றன. கமெலான் எனும் அவர்களது வாத்தியக் குழு இசையிலும் சுற்றுகள் அப்படித்தான். இரண்டையும் தமிழில் சொல்ல ‘பல்லடுக்கு வட்டம்’ என்ற ஒரே சொல் போதாதா?

ஐயா, வணக்கம். இசைக்குப் போதும். நாட்காட்டிக்கு இடிக்கிறது.

கமெலானில் பெரிய கோங் ஒலித்தால் ஒரு சுற்று முடிந்தது என்று பொருள். இடையில் கெம்பூர் போன்ற சிறிய கோங்குகள் அந்தச் சுற்றைப் பகுக்கும். கருவியின் சுருதி ஏற ஏற அதன் அடிகள் இரட்டித்து நெருங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால் இது அடுக்குதான். (தாளத்தின் ஒரு முழுச் சுற்றைக் குறிக்கும் நம் ‘ஆவர்த்தனம்’ வேண்டாம் என்பேன். நம் தாளத்தில் ‘சமம்’ எனும் அடி சுற்றின் தொடக்கம். அவர்களுக்குக் கனமெல்லாம் முடிவில்.)

பாவுகோன் எனும் அந்தப் பாலி நாட்காட்டியில் இந்த அடக்கம் இல்லை. 1 நாள் வாரம் முதல் 10 நாள் வாரம் வரை பத்தும் ஒரே சமயத்தில் ஓடும். 210 நாளில் ஒரு சுற்று. 4, 8, 9 ஆகியவை 210-ஐ மீதியின்றி வகுக்காது. அதனால் அந்த வாரங்களில் சில நாட்களைத் திரும்பச் சொல்லிச் சரிக்கட்டுகிறார்கள், துணிச்சல்தான்! 3 நாள் வாரத்தின் கஜெங்கும் 5 நாள் வாரத்தின் கிளிவோனும் 15 நாளுக்கு ஒருமுறை கூடும். கிளிவோன் ‘சனிஸ்சர’வோடு, அதாவது சனிக்கிழமையோடு, 35 நாளுக்கு ஒருமுறை கூடும், அதுதான் தும்பெக். ஒரு தும்பெக் ஆயுதங்களுக்கு, ஒன்று மரங்களுக்கு, ஒன்று கால்நடைகளுக்கு. ஒரு நாளின் குணம் இந்தக் கூடலில் பிறக்கிறது. எனவே வாரங்களுக்கு ‘உடனோடு வட்டங்கள்’, சேரும் நாளுக்குக் ‘கூடுநாள்’ என்று முன்மொழிகிறேன்.

> வயலுக்கு? முறைவைத்துப் பாசன நீர் பகிர்வதற்கு ‘முறைநீர்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

அது பங்கீட்டை மட்டும் சொல்கிறது. பாலியின் சுபக் பாசனக் குழுக்கள் நீர்க்கோயில்களில் கூடி, யார் எப்போது நடுவது என்று முடிவு செய்கின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு சமயம் நட்டால் பூச்சி வயல் விட்டு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே அண்டை சுபக்குகள் சேர்ந்து நட்டு, அறுத்து, சேர்ந்தே வயலைச் சும்மா போடுகின்றன. தின்ன எதுவுமின்றிப் பூச்சி மடிகிறது. 1970-களில் அரசு புதிய நெல் ரகங்களைத் தந்து, முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னது. ஒழுங்கு குலைந்தது, புகையான் எனும் நெற்பூச்சி பெருகியது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கின் ஆய்வு இதை விளக்கமாகக் காட்டியது.

ஆக இங்கே பெயர் தேடுவது சேர்ந்து சும்மா போடுவதற்கு: ‘கூட்டுத் தரிசு’. தும்பெக்கை மட்டும் தமிழாக்க வேண்டாம்; அது சிறப்புப் பெயர், அப்படியே இருக்கட்டும்.