ஒரே பில் ஆஃப் என்ட்ரியில் ஒளிரும் பலகையும் ஒளிராத பலகையும்: 8310-ஆ, 9405-ஆ?

கேள்வி – கடையமைப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் துணிக்கடைகளுக்கு உள்ளமைப்பு வேலை எடுத்துச் செய்து வருகிறேன். ஒரு வாடிக்கையாளரின் புதிய கிளைக்காக, கடையின் பெயர்ப்பலகைகளையும் உள்ளே மாட்டும் வழிகாட்டிப் பலகைகளையும் முதன்முறையாகச் சீனாவில் செய்து வாங்கினேன். சரக்குப் பெட்டி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, இப்போது துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்குப் பெட்டி நிலையத்தில் (சி.எஃப்.எஸ்.) நிற்கிறது.

பெட்டியில் நான்கு வகைப் பொருட்கள் உள்ளன. முதலாவது, பக்கங்கள் துருப்பிடிக்காத எஃகாலும் முகப்பு அக்ரிலிக்காலும் ஆன, உள்ளே எல்.இ.டி. விளக்குகள் பதித்த பெரிய எழுத்துகள். இவற்றுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கருவிகளான டிரைவர்கள் தனி அட்டைப்பெட்டியில் வந்துள்ளன. இரண்டாவது, விளக்கு எதுவும் இல்லாத தட்டையான எஃகு எழுத்துகள். மூன்றாவது, ‘பணம் செலுத்துமிடம்’, ‘உடை மாற்றும் அறை’ என்ற வாசகங்கள் கொண்ட அக்ரிலிக் பலகைகள். நான்காவது, உள்விளிம்பில் எல்.இ.டி. பட்டை பொருத்திய அலுமினியச் சட்ட ஒளிப்பெட்டிகளும், அவற்றில் இழுத்துப் பூட்டுவதற்கான அச்சிட்ட துணிப் படங்களும். துணிப் படங்கள் மட்டும் மாற்றுவதற்காகக் கூடுதலாக ஒரு தொகுதி வந்துள்ளன.

என் கிளியரிங் ஏஜென்ட் இவை அனைத்தையும் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) ‘சைன் போர்டு’ என்று ஒரே வரியில் எழுதி, எஃகு, அலுமினியம் போன்ற அடிப்படை உலோகப் பலகைகளுக்கான 8310 என்ற சுங்கத் தீர்வைத் தலைப்பின்கீழ் தாக்கல் செய்துவிட்டார். மதிப்பீட்டு அதிகாரியிடமிருந்து வினா வந்திருக்கிறது: ஒளிமூலம் நிலையாகப் பொருத்தப்பட்டதா என்று விளக்க வேண்டும், படங்களும் விவரக் கையேடும் தர வேண்டும், சரக்கு முழுவதையும் விளக்குகளுக்கும் ஒளிரும் பலகைகளுக்குமான 9405-க்கு ஏன் மாற்றக்கூடாது என்று காரணம் சொல்ல வேண்டும். ஆவணி மாத முகூர்த்தத்தில் கடை திறப்பு. வாடகையும் தாமதக் கட்டணமும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுக்கலாம், பிறகு திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். அவர் சொல்வது சரியா என்று அறிந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

பதில் 1 – சுங்கத் தரகர், ராயபுரம்

ஐயா, பதற்றத்தில் எதையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், பொருள் எங்கே சேரும் என்பதைப் பார்ப்போம்.

கடைத்தெருவில் நாம் எல்லாவற்றையும் ‘சைன் போர்டு’ என்கிறோம். 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தில் அப்படி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் தலைப்பு ஒன்று இல்லை. பொதுவிளக்க விதிகளில் முதலாவது, தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் கொண்டே வகைப்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 8310-இன் சொற்களைப் படித்துப் பாருங்கள்: அடிப்படை உலோகத்தாலான அறிவிப்புப் பலகைகள், பெயர்ப்பலகைகள், முகவரிப் பலகைகள், எண்கள், எழுத்துகள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, 9405-இல் அடங்குபவை நீங்கலாக என்று அந்தத் தலைப்பே முடிகிறது. 9405-ஓ, நிலையாகப் பொருத்திய ஒளிமூலம் கொண்ட ஒளிரும் பலகைகளையும் பெயர்ப்பலகைகளையும், அவை எந்தப் பொருளால் ஆனவையாயினும், தன்னுள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எஃகா அக்ரிலிக்கா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். விளக்கு அதனுடனேயே நிலையாக இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

உங்கள் முதல்வகை எழுத்துகளில் எல்.இ.டி. உள்ளே பதிக்கப்பட்டிருப்பதால் அவை 9405 என்பதில் ஐயமில்லை. அதிகாரி கேட்டது நியாயம். தலைப்பு எண்களில் 2022-ஆம் ஆண்டு வந்த உலகளாவிய திருத்தத்தில், பழைய 9405.60 என்ற துணைத்தலைப்பு எல்.இ.டி.க்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவற்றுக்கு 9405.61 என்றும் பிறவற்றுக்கு 9405.69 என்றும் பிரிந்தது, உங்களுடையது 9405.61. டிரைவர்கள் தனிப்பெட்டியில் வந்தாலும், அதே எழுத்துகளுக்கானவையாக, அதே எண்ணிக்கைக்கு ஏற்ப, அதே சரக்கில் வந்திருப்பதால், பிரித்து வைத்து அனுப்பிய முழுப்பொருளின் பகுதியாகவே அவற்றைக் காட்ட வேண்டும். பொதுவிளக்க விதிகளில் 2(அ) அதற்கு இடம் தருகிறது. உதிரியாகக் கூடுதல் டிரைவர்கள் இருந்தால் அவை தனி வரியில் போகட்டும்.

இங்கே ஒன்றை மறக்காதீர்கள். எல்.இ.டி. தொகுதிகளுக்கான மின்கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளன. டிரைவரின் மேல் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று இன்றே படம் எடுத்து வாங்கிப் பாருங்கள். வகைப்பாட்டுத் தகராறு தீர்ந்த பிறகு இது வெளிப்பட்டால் சரக்கு மீண்டும் நிற்கும்.

இரண்டாவது வகையான விளக்கில்லாத எஃகு எழுத்துகளுக்கு 8310 என்பதே சரி. பின்னாளில் நீங்கள் சுவரில் ஒரு விளக்கை மாட்டி அவற்றின் மேல் ஒளி பாய்ச்சினாலும் இது மாறாது, ஏனெனில் அந்த விளக்கு பலகையின் பகுதி அன்று. எனவே ‘முழுவதும் 9405’ என்ற அதிகாரியின் முன்மொழிவு இந்த வகையைப் பொறுத்தவரை நிற்காது.

பதில் 2 – தீர்வை ஆலோசகர், கோயம்புத்தூர்

ராயபுரம் நண்பர் சொன்னவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். அவர் தொடாத அக்ரிலிக் பலகைகளைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் அவற்றில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

உலோகம் அல்லாததால் அவற்றுக்கு 8310 ஒருபோதும் பொருந்தாது. உடனே பிளாஸ்டிக் பொருட்களுக்கான 3926-க்குப் போகத் தோன்றும். ஆனால் தீர்வை அட்டவணையில் ஏழாம் பிரிவின் இரண்டாவது குறிப்பு இவ்வாறு சொல்கிறது: பிளாஸ்டிக் பொருளின் மேல் அச்சிடப்பட்ட எழுத்தோ படமோ, அப்பொருளின் முதன்மைப் பயனுக்குத் துணையாக மட்டும் நில்லாமல் அதுவே பயனாக இருக்குமானால், அது அச்சுப் பொருட்களுக்கான 49-ஆம் அத்தியாயத்தில் சேரும். ஒரு வாளியின் மேல் அச்சிட்ட பூப்படம் அதன் பயனுக்குத் துணை மட்டுமே. ‘உடை மாற்றும் அறை’ என்ற பலகையிலிருந்து அந்தச் சொற்களை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தகடு. ஆகவே வாசகம் அச்சிடப்பட்டிருந்தால் 4911 என்பதே என் கருத்து. வாசகம் அச்சிடப்படாமல், எழுத்துகளை வெட்டியெடுத்து ஒட்டியோ தகட்டில் செதுக்கியோ செய்திருந்தால் 3926-இலேயே இருக்கும். அச்சா வெட்டா என்பதை உங்கள் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக் கதவில் ஒட்டும் வினைல் எழுத்துகளும் இருந்தால் அவற்றை இதில் கலக்காதீர்கள். தானே ஒட்டும் பிளாஸ்டிக் தகடுகளின் 3919-ஐ அதே குறிப்பு விதிவிலக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஒளிப்பெட்டிகளைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் தயங்குகிறேன். துணிப் படத்துடன் சேர்ந்து, பூட்டினால் உடனே விளம்பரமாக நிற்கும் நிலையில் வந்தவை 9405.61. துணி இல்லாமல் சட்டமும் விளக்கும் மட்டும் வந்தால், எழுத்தோ படமோ எந்தச் செய்தியோ இல்லாத அதைப் ‘பலகை’ என்று அழைப்பது கடினம். அது பிற மின்விளக்குச் சாதனமாக 9405.42-க்குப் போகலாம். உங்கள் சரக்கில் இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. கூடுதல் துணித் தொகுதியைப் பெட்டியுடன் சேர்க்க முடியாது. மேலே சொன்ன குறிப்பு பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் பற்றியதே தவிரத் துணியைப் பற்றியது அன்று. ஆகவே ஓரம் மடித்துத் தைத்து, சட்டத்தில் செருகும் பட்டை வைத்த துணிப் படத்தைத் தைத்து முடித்த பிற துணிப் பொருட்களுக்கான 6307-இல் காட்டுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

கடையமைப்பாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. விற்பனையாளரிடம் கேட்டேன்; அக்ரிலிக் பலகைகளில் வாசகம் அச்சிடப்பட்டதுதான். டிரைவரில் பதிவு எண் இருப்பதற்கான படமும் வந்துவிட்டது. ‘ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள்’ என்றீர்களே, அதை விளக்க வேண்டுகிறேன். தவறாகத் தாக்கல் செய்ததற்காக அபராதம் வருமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

பதில் 1 – சுங்கத் தரகர், ராயபுரம்

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 17-ஆவது பிரிவின்படி முதல் மதிப்பீட்டை நீங்களே செய்கிறீர்கள். அதிகாரி அதை உங்கள் கருத்துக்கு மாறாக மறுமதிப்பீடு செய்தால், 17(5)-இன்படி 15 நாட்களுக்குள் காரணங்கள் அடங்கிய ஆணை தர வேண்டும். ஆனால் மறுமதிப்பீட்டை நீங்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அந்தக் கடமை அவருக்கு இல்லை. அவர் ஏன் மாற்றினார் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாமல் மேல்முறையீட்டில் போய் நிற்பது எவ்வளவு கடினம் என்பதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன்.

‘பிறகு திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம்’ என்பதும் இப்போது அவ்வளவு எளிதன்று. 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயமதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு ஆணையே, அது சட்டப்படி திருத்தப்படாதவரை திருப்பித் தரும்படி கேட்கும் மனுவை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே 128-ஆவது பிரிவின்கீழ் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்து, முதலில் மதிப்பீட்டை மாற்றியாக வேண்டும். எதிர்ப்புத் தெரிவித்துப் பணம் கட்டினேன் என்ற ஒரு வரி மட்டும் உங்களைக் காக்காது.

அபராதத்தைப் பற்றி: ஒரு தலைப்பைக் கோருவது மட்டுமே தவறான அறிவிப்பு ஆகாது என்று 1998-இல் நார்தர்ன் பிளாஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு, பொருளின் விவரத்தை மறைக்காதவருக்கே கைகொடுக்கும். ‘சைன் போர்டு’ என்ற இரண்டே சொற்கள் முழுமையான விவரம் அல்ல. ஆகையால் இப்போதே நீங்களாக முன்வந்து, நான்கு வகைகளையும் அளவு, பொருள், விளக்கு உண்டா இல்லையா என்ற விவரங்களுடன் தனித்தனி வரிகளாகப் பிரித்து, 149-ஆவது பிரிவின்கீழ் திருத்தம் கோருங்கள். மதிப்பீடு முகமறியா முறையில் நடப்பதால், உங்கள் கோப்பைப் பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. ராஜாஜி சாலைக்குப் போய்ச் சரக்கைக் கையில் காட்டி விளக்குவது போல் விளக்க முடியாது. படங்களே உங்களுக்காகப் பேச வேண்டும். ஒவ்வொரு வகையிலும் முன்பக்கம், பின்பக்கம், உட்புறம் என்று மூன்று படங்கள் இணையுங்கள். பின்பக்கப் படத்தை யாரும் அனுப்புவதில்லை. விளக்கு இல்லை என்பதை நிரூபிப்பது அந்தப் படம்தான்.

பதில் 3 – இறக்குமதியாளர், மண்ணடி

நானும் இதே நிலையில் நின்றவள். மேலே சொன்னபடி திருத்தத்துக்கு எழுதியபோது, பரிசோதனைக்குப் பின் மதிப்பீடு செய்யும்படியும் சேர்த்துக் கேட்டேன். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதியதும் பேச்சு முடிந்தது. இழுபறி நீண்டால் 18-ஆவது பிரிவின்கீழ் பிணைப்பத்திரம் கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கலாம். அதற்கான பிணைத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கடையமைப்பாளர்

சரக்கு நேற்று மாலை வெளியே வந்துவிட்டது. திருத்தம் ஏற்கப்பட்டது: ஒளிரும் எழுத்துகளும் ஒளிப்பெட்டிகளும் 9405.61, எஃகு எழுத்துகள் 8310, அச்சிட்ட பலகைகள் 4911. கூடுதல் துணிப் படங்களை 6307-இல் ஏற்றுக்கொண்டார்கள். ஒளிரும் வகைகளுக்கு வேறுபாட்டு வரியும் வட்டியும் கட்டினேன். கட்ட வேண்டியதைக் கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் மூவரின் உதவியை மறக்க மாட்டேன்.

ஒரு கடைசிச் சந்தேகம். அடுத்த இரண்டு கிளைகளுக்கு எஃகு எழுத்துக் கூடுகளை மட்டும் வரவழைத்து, எல்.இ.டி.யை இங்கேயே வாங்கிப் பொருத்தினால் 8310 ஆகிவிடுமா?

பதில் 2 – தீர்வை ஆலோசகர், கோயம்புத்தூர்

வரும்போது ஒளிமூலம் இல்லை, ஆகவே 8310 என்று வாதிட இடமுண்டு. ஆனால் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் முகப்பு, கம்பி நுழையத் துளை, விளக்குப் பதிக்கத் தகடு ஆகியவற்றோடு கூடு வந்தால், ஒளிரும் பலகைக்கென்றே செய்த உறுப்பு என்று 9405.92-க்கோ 9405.99-க்கோ துறை இழுக்கும். முற்றுப்பெறாத ஒளிரும் பலகை என்று விதி 2(அ)வைக் காட்டவும் கூடும். முகப்பும் எஃகாகவே மூடியிருக்கும் கூட்டுக்கு உங்கள் வாதம் வலுவாகும்.

இப்படிப்பட்ட ஐயத்துக்காகவே சுங்கச் சட்டத்தின் 28எச் பிரிவின்கீழ் முன்கூட்டிய தீர்ப்பு கேட்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் மும்பையிலுள்ள முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்துக்குச் செல்லும்; மூன்று மாதங்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும். அதே கேள்வி உங்கள் வழக்கில் ஏற்கெனவே ஓர் அதிகாரியின் முன் நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே கூடுகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, வரைபடத்தோடும் ஒரு மாதிரியின் படங்களோடும் விண்ணப்பித்துவிடுங்கள்.